ஜிபே நம்பர் போதும் என்பவர்களுக்கு

"ஜிபே நம்பர் இருக்கு, வாட்ஸ்அப் குரூப் இருக்கு. நமக்கு எதுக்கு வெப்சைட்டு?" புதுக்கோட்டை மாவட்டத்தில் இளைஞர் மன்றம், நற்பணி மன்றம், கபடிக் கழகம், முன்னாள் மாணவர் சங்கம் என்று எதன் பொறுப்பாளரிடம் பேச்செடுத்தாலும் வருகிற பதில் இது. பதிலோடு ஒரு சிரிப்பும் வரும். வெப்சைட் எல்லாம் டவுனில் இருக்கிற ரோட்டரிக்கும் லயன்ஸுக்கும், ஆங்கிலத்தில் பேசுகிற தொண்டு நிறுவனங்களுக்கும் உரியது. ஊர்க்காரன் ஊர்க்காரனிடம் வசூலிக்க ஒரு போன் நம்பர் போதும் என்பது அந்தச் சிரிப்பின் பொருள்.

சொல்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. கஜா புயல் 2018 நவம்பர் 16-ல் கரையைக் கடந்து ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பக்கத்துத் தென்னையையெல்லாம் சாய்த்துப் போட்டபோது, அரிசியும் தார்ப்பாயும் மெழுகுவர்த்தியும் வந்துசேர்ந்தது பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியேதான். அடுத்த ஆண்டு கொத்தமங்கலத்து இளைஞர்கள் அரசை எதிர்பார்க்காமல் குளங்களையும் வரத்துவாரிகளையும் வெட்டத் தொடங்கினார்கள். பக்கத்து மாவட்டத்தில் பேராவூரணிப் பெரிய குளத்தைக் கடைமடை விவசாயிகள் தம் பணத்தில் தூர்வாரினார்கள். வெளிநாட்டில் இருந்தவர்கள் அனுப்பிய பணமும் அந்த வேலைகளில் கலந்திருந்தது. இவ்வளவும் நடந்த மண்ணில் நின்றுகொண்டு வெப்சைட் வேண்டும் என்பவனைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்வார்கள்.

அதற்குப் பிறகும் அடங்காதவர்களுக்கென்று ஒரு துருப்புச்சீட்டு வைத்திருக்கிறார்கள்: மொய் விருந்து. "உலகத்தில் எந்த வெப்சைட் ஒரே நாளில் கோடி ரூபாய் வசூலித்தது? வடகாட்டில் வசூலித்தோம்." உண்மைதான். 2019 ஆடியில் வடகாட்டில் ஒரே விவசாயி 4 கோடி ரூபாய் மொய் வாங்கினார் என்று நாளிதழ்கள் எழுதின. ஆயிரம் கிலோ கறி, பல்லாயிரம் பத்திரிகை, வாசலில் காவலர் என்று அந்தச் செய்தியைப் படித்து வடநாட்டு ஊடகங்களே வாயைப் பிளந்தன.

இந்தத் துருப்புச்சீட்டைத்தான் நான் பிடுங்கப் பார்க்கிறேன். மொய் விருந்தை வெப்சைட்டுக்கு எதிர்ச்சாட்சியாக நிறுத்துகிறவர்கள் மொய்ப் பந்தலில் இலையைத்தான் பார்த்திருக்கிறார்கள், மேசையைப் பார்க்கவில்லை.

மேசையைப் பார்ப்போம். விருந்து வைப்பவர் பெரும்பாலும் ஒற்றை ஆள் இல்லை. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தல் போட்டுச் செலவைப் பங்கிட்டுக்கொள்வார்கள். சாப்பாடு எல்லாருக்கும் பொது. மொய் மட்டும் தனித்தனி. ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு மேசை, மேசைக்கு மேல் பெயர் எழுதிய பலகை, எழுத ஒருவர், பணத்தை எண்ணி வாங்க ஒருவர். கொடுப்பவரின் ஊர், பெயர், தகப்பனார் பெயர், தொகை ஆகியவை நோட்டில் ஏறும். இப்போது பல இடங்களில் கணினியில் ஏற்றி ரசீதே கொடுக்கிறார்கள்; நோட்டு எண்ணும் எந்திரமும் வந்துவிட்டது. அந்த நோட்டு வீட்டுக்குப் போனதும் நகையும் பத்திரமும் இருக்கும் பெட்டிக்குள் போகும். அடுத்த ஐந்து ஆண்டுகளில் யார் விருந்து வைத்தாலும் முதலில் அந்த நோட்டைப் புரட்டி, அவர் நமக்கு எவ்வளவு செய்தார் என்று பார்த்து, பழைய மொய்யைத் திருப்பி, அதற்கு மேல் புது மொய்யும் வைத்துவிட்டு வரவேண்டும். வாங்கியவர் இறந்துவிட்டால் மகன் செய்வான். செய்யாதவன் வீட்டுக்கு ஆள் வரும்.

ஆக, கோடி ரூபாய் வந்தது கறிச்சோற்றால் அல்ல. எழுதப்பட்ட, ஊரே ஒப்புக்கொண்ட, தலைமுறை தாண்டியும் அழியாத ஒரு கணக்கு இருந்ததால் வந்தது. நோட்டைத் தூக்கிவிட்டு வெறும் விருந்து மட்டும் வைத்துப் பாருங்கள்; வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். மொய் விருந்தைப் பெருமையடிக்கும் அதே மன்றத்துக்காரர்கள், தங்கள் மன்றத்துக்கு வசூல் என்றதும் நோட்டையே தூக்கியெறிந்துவிட்டுச் செயலாளரின் போன் நம்பரைக் குழுவில் தட்டிவிடுகிறார்கள். மொய்யிலிருந்து கற்றுக்கொண்டது இதுதானா?

மொய்க்கும் நன்கொடைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. மொய் திரும்பி வரும். குளம் வெட்டக் கொடுத்த ஐந்நூறு ரூபாய் திரும்பி வராது. மொய் வைப்பவன் ஒருவகையில் சேமிக்கிறான், கடன் கொடுக்கிறான், உறவு பிடிக்கிறான். நன்கொடை கொடுப்பவனுக்குத் திரும்பக் கிடைப்பது என்ன? தன் பணம் எந்தக் குளத்தில் எத்தனை மணி நேர ஜேசிபி வாடகையாகப் போனது என்கிற செய்தி ஒன்றுதான். அதையும் கொடுக்காத மன்றம் அவனிடம் அடுத்த ஆண்டு எந்த முகத்தோடு போய் நிற்கும்? திரும்பி வருகிற பணத்துக்கே பெட்டியில் வைத்துப் பூட்டும் நோட்டு வேண்டியிருக்கிறது என்றால், திரும்பி வராத பணத்துக்கு இன்னும் கனமான நோட்டு வேண்டும். மன்றத்தின் வெப்சைட் என்று நான் சொல்வது இந்த நோட்டைத்தான். பிரச்சாரப் பலகையையோ தலைவரின் வண்ணப் படத்தையோ சொல்லவில்லை.

வாட்ஸ்அப் அந்த நோட்டாக முடியாதா என்று கேட்கலாம். குழுவில் பெயர்ப் பட்டியல் போடுகிறார்கள்தானே? போடுகிறார்கள். காலையில் ஒரு பட்டியல், அதை நகலெடுத்து இரண்டு பெயர் சேர்த்து இன்னொரு பட்டியல், சாயங்காலத்துக்குள் மூன்று விதமான பட்டியல். அதற்கு மேல் பிறந்தநாள் வாழ்த்து, இரங்கல் செய்தி, கட்சிச் சண்டை, பூச்சந்தை விலை. பத்து நாள் கழித்துப் பட்டியலைத் தேடுகிறவன் விரலைத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போவான். போன் மாற்றியவனுக்குப் பழையது போயேபோச்சு. புதிதாகக் குழுவில் சேர்ந்தவனுக்கு முன்னால் நடந்தது எதுவும் தெரியாது. கோபத்தில் வெளியேறியவனுக்குப் பின்னால் நடந்தது தெரியாது, அவன் கொடுத்த பணம் மட்டும் உள்ளே இருக்கும். வரவுப் பட்டியலாவது மூன்று விதத்தில் கிடைக்கிறது. செலவுப் பட்டியல் ஒன்றுகூட வராத குழுக்கள்தான் அதிகம்.

சரி, ஜிபே நம்பர். அது யாருடைய நம்பர்? மன்றத்துக்கு நம்பர் கிடையாது. அது செயலாளருடையது, அல்லது பொருளாளருடைய தம்பியுடையது. அந்தக் கணக்கில் அவருடைய சம்பளம் வருகிறது, தேங்காய் விற்ற பணம் வருகிறது, மகளின் கல்லூரிக் கட்டணம் போகிறது. நடுவில் மன்றத்தின் இரண்டு லட்சம். அவர் யோக்கியர் என்றே வைத்துக்கொள்வோம், பெரும்பாலோர் யோக்கியர்கள்தான். ஆனால் அவர் நாளைக்குத் திடீரென்று இறந்துபோனால் அந்தப் பணம் சட்டப்படி அவர் வாரிசுகளுக்குப் போகும். மன்றம் போய்த் துக்கவீட்டில் கேட்க வேண்டும். வருமானவரித் துறை கேட்டால் அந்த இரண்டு லட்சம் அவருடைய வரவு. எங்கோ நடந்த சைபர் மோசடியில் கைமாறிய ஐந்நூறு ரூபாய் அந்தக் கணக்கில் வந்து விழுந்திருந்தால், வங்கி கணக்கையே முடக்கிவைக்கும். காய்கறிக் கடைக்காரர்களுக்குக்கூட இது நடந்திருக்கிறது. ஊருக்கு நல்லது செய்ய வந்தவரை இப்படிக் கழுத்தை நீட்டச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

வெப்சைட் இதையெல்லாம் எப்படித் தீர்க்கும் என்றால், நேராகத் தீர்க்காது. ஆனால் ஒன்று செய்யும்: ஒழுங்காக இருக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும். "நன்கொடை அனுப்ப" என்று ஒரு பக்கம் திறந்தவுடனேயே யார் பெயரில் கணக்கு என்று எழுதியாக வேண்டும். மன்றத்தின் பெயரில் எழுத வேண்டுமென்றால் வங்கிக்குப் போக வேண்டும். வங்கி பதிவுச் சான்றிதழ், துணைவிதி, தீர்மான நகல், பான் அட்டை கேட்கும். பதிவு வேண்டுமென்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். முன்பே பதிவு செய்திருந்து ஆண்டறிக்கை தாக்கல் செய்யாமல் தூங்கிக்கொண்டிருந்தால் அதை எழுப்ப வேண்டும். பிறகு இருவர் கையெழுத்தில் கணக்கு, அந்தக் கணக்கின் பெயரிலேயே கியூஆர். அலைச்சல்தான், பல மன்றங்கள் நம்பரோடு நின்றுவிடுவதற்கு உண்மையான காரணமும் இந்த அலைச்சல்தான். "வெப்சைட் எதுக்கு?" என்று கேட்கிற பாதிப் பேர் கேட்க விரும்புவது "பதிவாளர் ஆபீசுக்கு எதுக்கு அலையணும்?" என்பதை.

அலையாமல் விட்டால் எங்கே மாட்டும் என்பதற்கு நம் மாவட்டத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம், கறம்பக்குடி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வீட்டுக்கொருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். மன்றங்களின் பெரிய வரவு அவர்கள்தான். சட்டமோ அவர்களை இரண்டாகப் பிரிக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டோடு சிங்கப்பூரில் கப்பல்தளத்தில் வேலை செய்யும் தம்பி, தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஊரில் பிறந்து முப்பது வருடம் முன்னே போய் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிய பெரியப்பா அனுப்பினால், அது வெளிநாட்டுப் பணம். அதை வாங்க 2010-ம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கு மன்றம் மூன்று ஆண்டு இயங்கி, அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். கொத்தமங்கலத்துக் குளத்துக்கான காசு டெல்லி நாடாளுமன்ற வீதியைச் சுற்றி வர வேண்டும் என்பது கேலிக்கூத்துதான், சட்டம் மாறவேண்டும் என்று நானும் சொல்வேன். மாறும்வரை, வசதியுள்ள பெரியப்பாவிடம் கை நீட்டக்கூடாது, கூலிக்குப் போன தம்பியிடம் நீட்டலாம் என்பதுதான் நிலை. செயலாளரின் சொந்தக் கணக்கு வழியாகச் சுற்றி வந்தாலும் சட்டம் அதை வெளிநாட்டுப் பணமாகவே பார்க்கும்.

வாட்ஸ்அப்பில் "வெளிநாடு வாழ் சொந்தங்களே, அள்ளித் தாருங்கள்" என்று தட்டுகிறவர் இந்த இருவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அவருக்குத் தெரியாது என்பதுகூடக் காரணம் இல்லை. அந்த இடத்தில் பிரிப்பதற்கு வழியே இல்லை. ஒரு தளத்தில் வழி உண்டு. பணம் அனுப்பும் முன் பெயர், ஊர், எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று மூன்று கேள்வி கேட்கலாம்; இந்தியக் குடிமக்கள் மட்டும் அனுப்பவும் என்று தமிழில் தெளிவாக எழுதலாம். தம்பிகளுக்கு வழியும் எளிதாகிவிட்டது. 2023 முதல் சிங்கப்பூர், அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் உள்ளிட்ட பல நாட்டு செல்போன் எண்களிலிருந்து, இந்தியாவில் வெளிநாடுவாழ் இந்தியர்கள் வைத்திருக்கும் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளை யுபிஐயில் இணைத்துப் பணம் அனுப்ப அனுமதி உண்டு.

இங்கே எதிர்ப்பக்கத்துக்காரர்களையும் ஒரு கை பார்க்க வேண்டியிருக்கிறது. வெப்சைட் விற்க வருகிறவர்கள் வேறு மாதிரிப் பாட்டுப் பாடுவார்கள்: தளம் திறந்தால் உலகமெங்கும் இருந்து முகம் தெரியாதவர்கள் கொட்டுவார்கள், 80ஜி வரிச்சலுகை வாங்கிவிட்டால் பணக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒருவரும் நிற்க மாட்டார்கள். ஒரு கிராம மன்றத்தின் தளத்துக்கு வழிதவறிக்கூட வேற்றாள் வரமாட்டான். 80ஜி சலுகை புதிய வருமானவரி முறையில் கிடையாது. மாதச் சம்பளக்காரர்கள் பெருமளவு அந்த முறைக்குப் போய்விட்டார்கள். பெரிய அறக்கட்டளைக்கு அது உதவலாம், கபடிக் கழகத்துக்குத் தலைவலி. நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஓடுகிற படமும் பறக்கிற எழுத்துமாகத் தளம் செய்து கொடுப்பவர்களிடம் ஏமாந்த மன்றங்கள்தான் "வெப்சைட் வேஸ்ட்டு" என்று இன்று ஊரெல்லாம் சொல்கின்றன. அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. முகம் தெரியாதவனிடம் பணம் கேட்கத் தளம் உதவாது. முகம் தெரிந்தவன் ஊரைவிட்டுப் போன பிறகும் கணக்குப் பார்க்க அது உதவும்.

பெரிய அளவில் நடந்த ஒரு வசூலைப் பாருங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் வேண்டியிருந்தது. 2015-ல் தொடங்கி 2018 மார்ச்சில் சேர்ந்துவிட்டது. இணையதளம் இல்லாமல் அது நடந்திருக்காது. இணையதளத்தால் மட்டும் நடந்தது என்றாலும் பொய். ஜானகிராமன், சம்பந்தம் என்ற இரண்டு மருத்துவர்கள் தலைக்கு ஐந்து லட்சம் டாலரை முதலில் எடுத்து வைத்தார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. அதற்கு நடுவில் பள்ளிப் பிள்ளைகளின் உண்டியல் காசுவரை வந்தது. கொடுத்தவர் பெயர் தளத்தில் ஏறியது, எவ்வளவு சேர்ந்தது, இன்னும் எவ்வளவு வேண்டும் என்று எவரும் எந்நேரமும் பார்க்க முடிந்தது. மொய்ப் பந்தலின் மேசை, உலகளவுக்கு நீண்டிருந்தது என்று சொல்லலாம்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றால் நம் டவுனிலேயே ஒன்று உண்டு. 2015 அக்டோபர் 11-ல் புதுக்கோட்டையில் தமிழ் வலைப்பதிவர் திருவிழா நடந்தது. நடத்தியது கணினித் தமிழ்ச் சங்கம். ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்த, பெரிய புரவலர் யாரும் இல்லாத அமைப்பு. விழாவுக்கென்றே ஒரு வலைத்தளம் திறந்து, வருகிறவர்களின் பதிவையும் நன்கொடை தந்தவர்களின் பெயரையும் அதிலேயே வெளியிட்டார்கள். வெளியூர்க்காரரும் வெளிநாட்டுக்காரரும் அதைப் பார்த்துத்தான் பங்கெடுத்தார்கள். பத்தாண்டுக்கு முன் புதுக்கோட்டை வாத்தியார்களால் முடிந்தது, கையில் ஐந்தாம் தலைமுறை போன் வைத்திருக்கிற இன்றைய மன்றங்களுக்கு முடியாது என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. அறிவொளி இயக்கக் காலத்தில் சைக்கிள் ஓட்டக் கற்று இந்த மாவட்டத்துப் பெண்கள் நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தபோதும் "நமக்கு எதுக்கு?" என்று கேட்ட ஆட்கள் இருந்தார்கள்.

தன் பணம் எங்கே போகிறது என்று கொடுப்பவனுக்குத் தெரிய வேண்டும் என்பதை அரசுகூடப் புரிந்துகொண்டுவிட்டது. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தில், நன்கொடையாளர் தளத்துக்குப் போய் தான் படித்த பள்ளியையே தேர்ந்தெடுத்துப் பணம் கொடுக்கலாம். சென்னையில் உட்கார்ந்திருப்பவனும் எந்த ஊர், எந்தப் பள்ளி என்று பார்த்துத்தான் கொடுக்கிறான்.

இனி, யாரும் வாய்விட்டுச் சொல்லாத மறுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது. "கணக்கை வெளியில் போட்டால் சண்டை வரும்." பந்தல்காரருக்கு ஏன் இவ்வளவு, ஒலிபெருக்கிக்கு ஏன் அவ்வளவு, அவர் ஆயிரம்தான் கொடுத்தாரா, இவர் ஏன் கொடுக்கவே இல்லை என்று ஊர் பேசும். பேசும்தான். இப்போது மட்டும் பேசாமலா இருக்கிறது? டீக்கடையில் பேசுகிறது, திருவிழா முடிந்து மூன்று மாதம் ஆகியும் பேசுகிறது, ஆதாரம் இல்லாததால் கூட்டிப் பேசுகிறது. தேர்தல் வந்தால் அதுவே கோஷ்டியாகிறது. எழுதிவைத்த செலவின் மேல் வருகிற சண்டைக்கு ரசீதைக் காட்டி ஒரு முடிவு உண்டு. பெயர் வேண்டாம் என்கிறவருக்கு ரசீது எண் மட்டும் போதும். ஆனால் பெயர் தெரியாத உண்டியல் பணமாகவே எல்லாவற்றையும் காட்ட நினைத்தால் வருமானவரிச் சட்டம் அதற்குத் தனியாக 30 சதவீத வரி வைத்திருக்கிறது என்பதும் பொருளாளருக்குத் தெரிந்திருக்கட்டும்.

தளம் எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டால், அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. பதிவு எண், வங்கிக் கணக்கு, இப்போது செய்யும் ஒரே ஒரு வேலையும் அதன் மதிப்பீடும், வரவு, செலவு, ரசீதுகளின் படம், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த புகைப்படம். முழுக்கத் தமிழில், செல்போனில் திறக்கிற மாதிரி. இலவசமாகவே செய்யலாம், சொந்தப் பெயர் வாங்கினாலும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம், ஒரு ஃப்ளெக்ஸ் பேனருக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. பிறகு அந்த இணைப்பை அதே வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? கூவி அழைக்க வாட்ஸ்அப்பைப் போல் எதுவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும், பல மன்றங்கள் இதில்தான் சறுக்குகின்றன. தளத்தின் பெயரை ஆர்வக்கோளாறில் ஒரு பையன் தன் சொந்த மின்னஞ்சலில் வாங்கியிருப்பான். அடுத்த வருடம் அவன் துபாய்க்குப் போய்விடுவான், புதுப்பிக்கச் சொல்லி வருகிற கடிதம் அவன் பார்க்காத பெட்டியில் கிடக்கும், ஒருநாள் தளம் காணாமல் போகும், கணக்கும் அதோடு போகும். ஆகவே மின்னஞ்சல் மன்றத்தின் பெயரில் இருக்கட்டும். பொதுக்குழுவில் நிர்வாகிகள் மாறும்போது ரசீதுப் புத்தகம், வங்கிப் புத்தகம், மன்றச் சாவி ஆகியவற்றோடு தளத்தின் கடவுச்சொல்லும் கைமாற வேண்டும். கைமாறியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பழைய செயலாளரும் புதிய செயலாளரும் கீழே கையெழுத்துப் போடட்டும்.